ஊர்வலத்துக்கு எதிர்ச்சொல் என்ன?

பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் 'எதிர்ச்சொல் தருக' என்றொரு பகுதி இருக்கும். இரவு - பகல், இன்பம் - துன்பம், உயர்வு - தாழ்வு. அந்த வரிசையில் 'ஆடம்பரம் - எளிமை' என்பதும் வந்துவிடும். ஒரு மார்க் கேள்வி. ஆனால் 'ஊர்வலம்' என்று கொடுத்து எதிர்ச்சொல் கேட்ட கேள்வித்தாளை நான் பார்த்ததில்லை. பவனி, உலா, வீதிவலம், நகர்வலம், எழுந்தருளல் என்று ஒரே காரியத்துக்கு இத்தனை பெயர்களை அடுக்கி வைத்திருக்கிற மொழி, அதன் மறுபக்கத்துக்கு மட்டும் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறது. ஒரு சொல்லின் பொருள் பிற சொற்களோடு அதற்குள்ள வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது என்று சசூரைச் சாட்சிக்கு அழைத்து நம்மவர்கள் நிறைய எழுதியாயிற்று. அப்படியானால் ஊர்வலம் என்ற சொல்லுக்குப் பொருள் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்த வேறு சொல் எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது?

அகராதியில் தேடிப் பிரயோசனமில்லை. மதுரைத் தெருவில் நின்று காது கொடுத்தால் கிடைக்கும். ஒருவன் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால் 'என்னடா அலப்பறை' என்பார்கள். பந்தா, பவுசு, ஜம்பம், சலம்பல் எல்லாம் அதே குடும்பம். இதன் மறுபக்கம் என்ன? 'கமுக்கமா இரு.' 'அடக்கி வாசி.' 'ஒதுங்கிப் போ.' 'பொத்திக்கிட்டுப் போ.' கவனித்தால் ஒன்று தெரியும். ஊர்வலமும் பவனியும் உலாவும் பெயர்ச்சொற்கள். எதிர்ச்சொற்களோ அத்தனையும் ஏவல் வினைகள். யாரோ ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொல்வதாக மட்டுமே அவை மொழியில் உயிர்வாழ்கின்றன. சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதில்தான் இந்தச் சீமையின் வரலாறு கிடக்கிறது.

முதலில் சொல்லையே பிரித்துப் பார்ப்போம். ஊர் + வலம். வலம் என்றால் வலப்பக்கம். வெற்றி, வலிமை என்றும் பொருள் உண்டு. சாமியை வலஞ்சுற்றுவோம், ஈமச் சடங்கில் இடஞ்சுற்றுவோம். எனவே எதிர்ச்சொல் 'ஊரிடம்' என்று ஒரு புலவர் வேடிக்கையாகச் சொல்லக்கூடும். ஆனால் சிக்கல் பின்பாதியில் இல்லை, முன்பாதியில் இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்துக்காவது போய் 'ஊர் எது?' என்று கேளுங்கள். ஊர்த் தெரு ஒன்று, சேரி (இப்போது காலனி) இன்னொன்று. 'ஊர்க்காரங்க', 'காலனிக்காரங்க' என்று ஒரே கிராமத்தில் இரண்டு வகைப் பேர். ஊரை வலம் வருவது என்றால் சேரியை விட்டுவிட்டு வருவது என்றுதான் நடைமுறைப் பொருள். விலக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்ததல்ல, சொல்லின் முதல் இரண்டு எழுத்திலேயே குடியிருக்கிறது.

மதுரை நகரம் ஊர்வலத்துக்காகவே வரையப்பட்ட படம் மாதிரி இருக்கிறது. நடுவில் மீனாட்சி கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி. மாதப் பெயர்களெல்லாம் திருவிழாப் பெயர்கள். மாசியில் நடந்த திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (1623-1659) சித்திரைக்கு மாற்றினார், தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகரை வைகைக்கு மதுரைப் பக்கமாக இழுத்தார் என்று சொல்வார்கள். அதனால்தான் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. மாசி வீதிக்கு அப்பால் வெளி வீதி. அங்கே கோட்டைச் சுவர் இருந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகியோர் பெயரில் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. சுவரை இடித்த பிறகும் அந்தத் தெருவுக்கு 'வெளி' என்றே பெயர் நின்றது.

உலா இலக்கியத்தில் தலைவன் யானை மேல் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் பார்ப்பார்கள், மயங்குவார்கள், வளை கழலும். அவர்களில் ஒருத்தியாவது எங்கே போகிறாள், எந்த வேலைக்காகத் தெருவுக்கு வந்தாள் என்று எந்த உலாவும் சொல்வதில்லை. பார்ப்பதுதான் அவர்கள் வேலை. தமிழிலேயே இதற்கு ஒரு மாற்றும் இருக்கிறது: கண்ணகி. கீழ்வாயில் வழியாகக் கணவனோடு உள்ளே வந்தவள், கையில் ஒற்றைச் சிலம்போடு மதுரைத் தெருவில் தனியாக நடந்து, மேல்வாயில் வழியாக வெளியேறுகிறாள். வாத்தியம் இல்லை, குடை இல்லை. பாண்டியன் ஆட்சி அந்த ஒரு நடையைத் தாங்கவில்லை. அதே காப்பியத்தில் இன்னொரு பாண்டியன் கதையும் வருகிறது. இரவில் மாறுவேடத்தில் நகர் சுற்றி, கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்குத் தன் கையையே வெட்டிக்கொண்டு பொற்கைப் பாண்டியன் ஆனவன் கதை. ராஜா மறைந்து நடந்தால் அது நீதி பரிபாலனம், புராணம். குடியானவன் மறைந்து நடந்தால் என்ன பெயர் என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஊர்வலத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் இல்லவே இல்லை என்று எழுதிவிட்டால் சுலபம். உண்மை அதைவிட மோசம். ஊர்வலத்தின் முன்னால் நடப்பவர்களே அவர்கள்தான். பறை அடிப்பவர், தீவட்டி பிடிப்பவர், பிற்காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்துகொண்டு மாப்பிள்ளைக்கு வெளிச்சம் காட்டிய பெண்கள். ஊர்வலம் அவர்கள் கையால் நடக்கிறது, ஆனால் ஊர்வலத்தில் போனவர்கள் யார் யார் என்று எண்ணும்போது அவர்கள் கணக்கில் வருவதில்லை. அவர்களுடைய சொந்தக் கல்யாணத்தில் அதே பறை அதே தெருவுக்கு வரும்போதுதான் 'அடக்கி வாசி' என்பது உவமையாக இல்லாமல் நேரான உத்தரவாக மாறுகிறது.

இந்த உத்தரவுகள் பொதுவாக எழுதி வைக்கப்படுவதில்லை. மாமூல், பழக்கம், பெரியவர்கள் சொன்னது என்று வாய்வழியாகவே ஓடும். ஒரே ஒரு சமயம் இவை வரிசை எண் போட்ட பட்டியலாக வெளிவந்தன. மதுரைக்குக் கிழக்கே ராமநாதபுரம் சீமை, 1930 டிசம்பர். ஆதிதிராவிடர்களுக்கு அங்குள்ள கள்ளர்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பின்னாளில் இந்தியச் சாதி பற்றி எழுதிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. முடியைக் கிராப் வெட்டக்கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடு மாடு பறிபோனது.

எட்டும் போதவில்லை. 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. இம்முறை ஆதிதிராவிடரோடு தேவேந்திரகுல வேளாளரையும் பேர் சொல்லிச் சேர்த்தார்கள். பிள்ளைகள் படிக்கக்கூடாது, மாடு மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை வேலை, ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைக்கத் துணிச் சும்மாடு கூடாது, வைக்கோல்தான். கல்யாணத்தில் மேளம் கூடாது. கடைசியாக வருவதைத்தான் இந்தக் கட்டுரை இத்தனை நேரம் தேடிக்கொண்டிருக்கிறது: கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது, எந்தக் காரியத்துக்கும் வண்டி வாகனம் கூடாது, பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைக் கழற்றிப் பயன்படுத்த வேண்டும்.

கதவைக் கழற்றிப் பல்லக்காகத் தூக்கு என்கிற புத்தி எந்த மூளையில் உதித்திருக்கும்? ஊர்வலமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நீ ஊர்வலம் போ, ஆனால் ஊர்வலத்தின் கேலிச்சித்திரமாகப் போ என்கிறார்கள். பொண்ணு மாப்பிள்ளையைக் கதவில் உட்கார்த்தித் தூக்கிப் போகும் நேரமெல்லாம் வீடு கதவில்லாமல் திறந்து கிடக்கும். தெருவுக்கு நீ வருவதற்கு விலை உன் வீட்டின் மறைப்பு. மேலுடம்பை மூடாதே என்ற தடையும் இதுவும் ஒரே தர்க்கத்தின் இரண்டு முனைகள். காட்ட விரும்புவதைக் காட்டக்கூடாது, மறைக்க விரும்புவதை மறைக்கவும் கூடாது. ஊர்வலத்துக்கு எதிர்ச்சொல் 'மறைவு' என்று எழுதினால் தப்பாகிவிடும். மறைந்துகொள்ளும் உரிமையும் சேர்ந்தேதான் பறிபோகிறது.

பட்டியலில் நகையும் நிலமும் அடுத்தடுத்து நிற்பதைச் சிலர் கவனிக்கத் தவறுகிறார்கள். 'வெறும் கௌரவப் பிரச்சினை', 'பொருளாதார அடித்தளம் வேறே' என்று நம் இடதுசாரி நண்பர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. பட்டியல் போட்டவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. சட்டை போட்டவன் குத்தகை கேட்பான், குதிரை ஏறியவன் 4 அணாவுக்கு வர மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்த 'எளிமை'க்கு வருவோம். 1921 செப்டம்பர் 22. மதுரை மேல மாசி வீதியில் ஒரு வீட்டு மாடி. காந்தி தம் வழக்கமான உடையைக் களைந்து முழங்கால்வரை ஒரு துண்டு வேட்டியோடு வெளியே வந்தது அங்கேதான். சாமி ஊர்வலம் போகிற அதே வீதி. இந்த ஏழை நாட்டில் மக்கள் உடுத்துவதை நானும் உடுத்துகிறேன் என்ற அந்த முடிவின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒன்பது வருஷம் கழித்து, அந்த மாசி வீதியிலிருந்து ஒரு பகல் மாட்டுவண்டித் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தில், முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே என்று உத்தரவு போடுகிறார்கள். இரண்டு உடம்பிலும் ஏறக்குறைய ஒரே துணி. ஒன்று 'எளிமை' என்று பாடப்புத்தகத்துக்குப் போனது. இன்னொன்றுக்கு மார்க் கிடையாது. ஆடம்பரத்துக்கு எதிர்ச்சொல் எளிமை என்பது, கழற்ற ஏதாவது வைத்திருப்பவனுக்கு மட்டும் பொருந்துகிற இலக்கணம். அம்பேத்கர் கோட்டும் டையுமாகவே சிலையில் நிற்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். அந்தச் சிலையைத்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ இடங்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்க வைத்திருக்கிறோம்.

இதை 'கள்ளர் எதிர் தலித்' என்று மட்டும் எழுதி முடித்தால் வெள்ளைக்கார அதிகாரி சந்தோஷப்படுவார். அதே காலத்தில் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கத்தில், பிரமலைக் கள்ளர்கள் வேறொரு பட்டியலில் இருந்தார்கள் (ராமநாதபுரத்துக்காரர்களும் இவர்களும் ஒரே வகையறா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்). 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். ஊர்ப் பேச்சில் ரேகைச் சட்டம். கைரேகை பதிய வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். மறைந்து நடக்கும் குடியானவனுக்கு என்ன பெயர் என்று மேலே கேட்டோமே, இதுதான். ராஜா இருட்டில் நடந்தால் நகர்சோதனை. சீட்டில்லாத கள்ளன் இருட்டில் நடந்தால் சிறை.

இங்கே இன்னொரு வார்த்தை நமக்குக் கிடைக்கிறது. பரேடு. அணிவகுப்பு என்று தமிழாக்கம் செய்தோம். குடியரசு தின அணிவகுப்பும் அதுதான், சந்தேகக் கைதிகளை வரிசையில் நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பும் அதுதான். ஒன்றில் நான் என்னைக் காட்டுகிறேன், மற்றதில் நான் காட்டப்படுகிறேன். ராஜா கூட்டத்துக்குத் தன்னைக் காட்டியது பழைய அதிகாரம், கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பது நவீன அதிகாரம் என்று ஃபூக்கோ சிறையின் வரலாற்றில் எழுதினார். மதுரையில் இரண்டும் ஒன்றின்பின் ஒன்றாக வரவில்லை. பகலில் மாசி வீதியில் தேர், ராத்திரி உசிலம்பட்டியில் ஆஜர்ப் பட்டியல். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது.

1939 ஜூலை 8. அ. வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட ஒரு சிறு குழுவோடு மீனாட்சி கோயிலுக்குள் போனார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை. இதற்கு நாற்பத்திரண்டு வருஷம் முன்னால், 1897இல், கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்தபோது சேதுபதி வழக்குப் போட்டு, 1899இல் மதுரை சார்பு நீதிமன்றத்தில் ஜெயித்து, 1908இல் லண்டன் பிரிவு கவுன்சில்வரை அந்தத் தீர்ப்பே நின்றது. அந்த அனுபவம் இருந்ததால் ராஜாஜி அரசு இம்முறை அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதே வருஷம் சட்டமாகவும் ஆக்கி, நுழைந்தவர்களையும் அதிகாரிகளையும் காப்பாற்றியது. பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயிலைவிட்டு வெளியேறித் தமிழ்ச் சங்கம் ரோட்டில் தனி மீனாட்சியை வைத்துச் சில வருஷம் பூசை செய்தார்கள். அதை மறந்துவிடக்கூடாது. கோயிலைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று சொல்லிக் கோயிலையே கைவிட முடிந்தவர்கள் அவர்கள்.

ஆனால் ஆலயப் பிரவேசம் என்பது உள்ளே போவது. சாமி வெளியே வரும்போது? அந்தக் கேள்வி அறுபது வருஷம் கழித்துக் கண்டதேவியில் வந்தது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர். உஞ்சனை, இறவுசேரி, செம்பொன்மாரி, தென்னிலை என்ற நாலு நாட்டாருக்கும் ஆளுக்கொரு வடம். அஞ்சாவது கைக்கு இடமில்லை. 1998இல் தலித்துகள் வடம் பிடிக்க உரிமை கேட்டபோது தேர் நின்றது. பிறகு நீதிமன்றம், பேச்சுவார்த்தை, பேருக்குச் சில பேரை நிறுத்தி இழுத்த தேர், மறுபடி பல வருஷம் ஓடாத தேர். 2024 ஜூனில் பதினேழு வருஷத்துக்குப் பின் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. இன்னாரும் சேர்ந்து இழுப்பதைவிட நிற்பதே மேல் என்று ஒரு தேர் இத்தனை காலம் முடிவெடுத்திருந்தது. ஊர்வலத்துக்கு எதிர்ச்சொல்லாக இதையும் குறித்துக்கொள்ளலாம்: நிலைக்கு வராத தேர் என்பது வழக்கு, நிலையை விட்டுப் புறப்படாத தேர் இது.

1996இலிருந்து பத்து வருஷம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் நடந்ததும் இந்த வகைதான். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுப் போட ஆள் வராது, வந்தால் ஊராரே நிறுத்திய ஒருவர் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். தேர்தலில் ஜெயித்தால் மாலை, வெடி, திறந்த ஜீப் என்பது தமிழ்நாட்டுச் சம்பிரதாயம். ஜெயித்ததை யாரும் பார்க்கக்கூடாது என்பது இந்த ஊர்களின் சம்பிரதாயம். மேலூர்ப் பக்கம் மேலவளவில் பதவியை விடாமல் வைத்திருந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட இருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பஸ் பயணத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் பாப்பாபட்டி முதலான ஊர்களில் முறையாகத் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் இருந்தார்கள். அவர்களுக்குப் பாராட்டு விழா சென்னையில் நடந்தது.

1997இல்தான் வீரன் சுந்தரலிங்கம் பேரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ் நெற்றியில் அந்தப் பெயர் ஊர் ஊராகப் போகும், அதில் ஏற வேண்டும் என்பதைத் தாங்க முடியாமல் கலவரம். அரசு கண்டுபிடித்த தீர்வு, மாநிலத்தில் எல்லாக் கழகங்களின் பேரையும் மாவட்டங்களின் பேரையும் ஒரேயடியாக அழித்தது. மதுரையில் பாண்டியன் பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கியது. அவன் எத்தனை நூற்றாண்டு உலா வந்தவன்!

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வினோதம் தெரியும். 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் (1976 திருத்தத்துக்குப் பின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்) தடுக்கக்கூடாதவை என்று எண்ணிக் கொடுப்பதில் ஊர்வலம் இருக்கிறது, நகையும் அலங்காரமும் இருக்கின்றன. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது இன்னும் விவரமாக எழுதினார்கள்: சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, பொது இடத்தில் செருப்பும் புதுத்துணியும் போடுவது, கல்யாண ஊர்வலம் போவது, அதில் குதிரையோ வாகனமோ ஏறுவது. 1931 ஜூன் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் எதிர்ச்சொல் எழுதியது மாதிரி இருக்கிறது. எண்பத்து நாலு வருஷம் கழித்து ஒரு நாடாளுமன்றம் செருப்பைப் பற்றிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு ஸ்டேஷனில் மனுக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். நாள், நேரம், எத்தனை பேர், மைக் உண்டா என்பதெல்லாம் பிரச்சினையே இல்லை. பாதை என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கும். 'மாமூல் பாதைதானே?' என்று கேட்பார்கள். மாமூல் என்றால் போன வருஷம் போன பாதை. போன வருஷம் போனது அதற்கு முந்தைய வருஷம் போனது. அப்படியே பின்னால் போனால் கதவைக் கழற்றிய வருஷம்வரை போகலாம். உத்தப்புரத்தில் 1989 மோதலுக்குப் பின் எழுந்த சுவரில் 2008 மே 6 அன்று ஒரு திறப்பை உடைத்தபோது, அரசு உடைத்ததும் ஒரு பாதையைத்தான். மறுநாள் முதல் அது மாமூலா இல்லையா என்று பல வருஷம் தகராறு ஓடியது.

சில கிராமங்களில் இளைஞர்கள் இப்போது மனுவில் அந்த இடத்தில் 'ஊரின் எல்லாத் தெருக்களும்' என்று எழுதுகிறார்கள். இன்ஸ்பெக்டர் அதுவரைக்கும் படித்துக்கொண்டே வருவார். அந்த வரி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கொண்டுவந்தவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்ப்பார்.